யார் பணம், யார் நிலம், யார் உழைப்பு

கேள்வி: என் மகள் ப்ளஸ் டூவில் வரலாறு படிக்கிறாள். இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்கு முதலில் போனவர்கள் மதச் சுதந்திரம் தேடிப் போனவர்கள் என்று ஓரிடத்திலும், வியாபாரக் கம்பெனி அனுப்பிய ஆட்கள் என்று இன்னோரிடத்திலும் படித்திருக்கிறாள். எது சரி? என் சந்தேகம் வேறு. ராஜா, பிரபு, பண்ணையார் எல்லாரையும் கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டுப் புது மண்ணில் இறங்கியவர்கள் ஏன் சமமாக வாழவில்லை? அடிமை முறை அங்கே முதல் நாளிலிருந்தே இருந்ததா?

- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் மகள் படித்த இரண்டும் சரிதான். ஆனால் இரண்டும் வேறு வேறு ஊர்களைப் பற்றியவை. மதத்துக்காகப் போனவர்கள் இறங்கியது வடக்கே, பிளிமத்திலும் பாஸ்டனிலும். அதற்கு முன்பே, 1607 மே மாதத்தில், தெற்கே வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் உருவாகிவிட்டது. அதற்கு ஆள் அனுப்பியது லண்டனில் பங்கு விற்றுப் பணம் திரட்டிய ஒரு கம்பெனி.

தேர்வுக்கு இவ்வளவு போதும். உங்கள் சந்தேகத்துக்குப் போதாது. ஏனென்றால் வடக்கே போன பக்திமான்களும் முதலீட்டாளர்களிடம் பணம் வாங்கித்தான் கப்பல் ஏறினார்கள். அந்தக் காலக் குடியிருப்பு எதை எடுத்தாலும் நான் முதலில் தேடுவது மூன்று: பணம் போட்டவர் யார், அந்தப் பணத்தை எந்தச் சரக்கு மீட்டுக் கொடுத்தது, அந்தச் சரக்குக்காக உடம்பு வளைத்தவர் யார். ஊரில் யார் மேலே, யார் கீழே என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். போனவர்கள் மனத்தில் என்ன எண்ணத்தோடு போனார்கள் என்பதை அதற்குப் பிறகுதான் கேட்பேன்.

முதலில் இங்கிலாந்தின் நிலையைப் பார்த்துவிடுவோம். 1550-ல் சுமார் 30 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1600-ல் 40 லட்சத்தைத் தொட்டது. தானிய விலையும் குத்தகையும் ஏறின, கூலி அதற்கு ஈடாக ஏறவில்லை. பல ஊர்களில் பொது மேய்ச்சல் நிலங்களை வேலி போட்டுப் பெரியவர்கள் தமதாக்கிக்கொண்டார்கள். நிலமிழந்தவர்கள் சாலையில் அலைந்தார்கள். அலைந்தவர்களைப் பிடித்துச் சாட்டையால் அடிக்கச் சட்டம் இருந்தது. மேல்தட்டிலும் ஒரு நெருக்கடி. சொத்து மூத்த மகனுக்கே என்பது அங்கே வழக்கம். இளைய மகன்களுக்குக் குலப்பெருமை மட்டும் மிஞ்சியது. ரிச்சர்ட் ஹக்லூட் என்ற பாதிரியார் 1584-லேயே எலிசபெத் அரசிக்கு ஓர் அறிக்கை எழுதி, வேலையற்றவர்களை அனுப்பவும், சரக்குக்குச் சந்தை தேடவும், ஸ்பெயினை மடக்கவும் அமெரிக்காவில் குடியிருப்பு வேண்டும் என்று வாதாடினார். அரசிடம் பணமில்லை. ஆகவே தனியார் பணம் வந்தது.

1606 ஏப்ரலில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் வர்ஜீனியா கம்பெனிக்குச் சாசனம் கொடுத்தார். 1609-ல் ஒரு பங்கின் விலை 12 பவுண்ட் 10 ஷில்லிங். கூலியாளுக்கு அது பல மாத வருமானம். கையில் பணமில்லாதவர் தானே கப்பலேறிப் போய் உழைத்தால் அதையும் ஒரு பங்காகக் கணக்கிட்டார்கள். கம்பெனியின் பொருளாளர் சர் தாமஸ் ஸ்மித். கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் ஆளுநரும் அவர்தான். நம் கரைக்கு மிளகும் துணியும் தேடி வந்த பணமும் வர்ஜீனியாவுக்குப் போன பணமும் ஒரே வட்டாரத்து வணிகர்களிடமிருந்து புறப்பட்டவை. ஆனால் இங்கே வாங்குவதற்குத் தயாராகச் சரக்கு இருந்தது, நெய்பவர் இருந்தார், விற்பவர் இருந்தார். ஒரு கிடங்கும் கோட்டையும் கட்டி உட்கார்ந்தால் வியாபாரம் நடந்தது. வர்ஜீனியாவில் லண்டன் சந்தைக்கு ஏற்ற சரக்கு எதுவும் தயாராக இல்லை. லாபம் வேண்டுமென்றால் நிலத்தைப் பிடித்து, ஆளைக் கொண்டுவந்து, எதையாவது விளைவித்தாக வேண்டும். அந்த நாட்டின் பின்னாளைய வரலாறு இந்த நிர்ப்பந்தத்திலிருந்துதான் கிளைக்கிறது.

முதலில் போன 104 பேரும் ஆண்கள், சிறுவர்கள். அவர்களில் பெரும் பகுதியினர் 'கனவான்கள்' என்று பட்டியலிடப்பட்டவர்கள். ஏர் பிடித்துப் பழகாதவர்கள். தங்கத்தை உருக்கத் தெரிந்தவர்களை அனுப்பிவைத்த கம்பெனிக்கு உழவர்களை அனுப்பத் தோன்றவில்லை. 1608-ல் மின்னும் மண்ணை ஒரு கப்பல் நிறைய ஏற்றி லண்டனுக்கு அனுப்பினார்கள். அதில் தங்கம் இல்லை. சோற்றுக்கு அவர்கள் நம்பியது அந்த மண்ணின் மக்களை. பவ்ஹாட்டன் என்ற பெருந்தலைவரின் கீழ் சுமார் 30 குழுக்கள் சோளம் விளைவித்து வாழ்ந்தன. செம்பும் மணியும் கொடுத்து அந்தச் சோளத்தை வாங்கினார்கள். கிடைக்காதபோது ஆயுதம் காட்டிப் பறித்தார்கள். 1609-10 குளிர்காலத்தில் உறவு முறிந்தது, கோட்டை முற்றுகையிடப்பட்டது, பஞ்சம் வந்தது. வசந்தத்தில் ஜேம்ஸ்டவுனில் உயிரோடு எஞ்சியவர்கள் ஏறக்குறைய 60 பேர். 2012 அகழாய்வில் கிடைத்த ஒரு பதினான்கு வயதுப் பெண்ணின் எலும்புகளில் இறைச்சி வெட்டிய கத்தித் தடங்கள் இருந்தன. மனிதர்கள் மனிதரைத் தின்ற அந்தக் குளிர்காலத்தைப் பற்றிப் பழைய எழுத்துகள் சொன்னது பொய்யில்லை.

அடுத்து வந்த ஆட்சி ராணுவ ஆட்சி. முரசு அடித்தால் வேலைக்குப் போக வேண்டும், முரசு அடித்தால் திரும்ப வேண்டும். உணவைத் திருடினால் மரண தண்டனை. விளைச்சல் எல்லாம் கம்பெனியின் பொதுக் களஞ்சியத்துக்கு. 1614 வாக்கில் தாமஸ் டேல் என்ற நிர்வாகி ஆளுக்கு 3 ஏக்கர் கொடுத்துத் தனியாகப் பயிரிடச் சொன்னார். விளைச்சல் கூடியது. தன் வயிற்றுக்கென்று மண்ணைக் கொத்துகிறவனின் கைக்கும் யாருக்கோ கொத்துகிறவனின் கைக்கும் வேகத்தில் வித்தியாசம் உண்டு என்பதைக் கம்பெனி ஏழு ஆண்டு பட்டினி கிடந்து கற்றது.

கம்பெனி தேடிய சரக்கு இதற்குள் கிடைத்துவிட்டது. ஜான் ரோல்ஃப் 1612-ல் மேற்கிந்தியத் தீவுப் பகுதியின் மென்மையான புகையிலை விதையை வர்ஜீனியாவில் போட்டார். 1617-ல் 20,000 பவுண்ட் எடை புகையிலை கப்பலேறியது. புகையிலையைத் திட்டி 1604-ல் தன் கையாலேயே ஒரு நூல் எழுதிய மன்னர், அதன் மீதான சுங்கத்தை மறுக்கவில்லை. ஜேம்ஸ்டவுன் தெருக்களில்கூடப் புகையிலை நட்டார்கள்.

புகையிலையைச் சுற்றி வளர்ந்த ஊர்க்காரர்களான உங்களுக்கு அந்தப் பயிரின் குணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. நாற்றங்கால், நடவு, களை, நுனி கிள்ளுதல், பக்கக் கிளை ஒடித்தல், இலை இலையாகப் புழு பொறுக்குதல், அறுத்து உலர்த்துதல் என்று ஆண்டு முழுக்க ஆள் கேட்கும். பெரிய எந்திரம் எதுவும் வேண்டாம். ஆள் கூடினால் விளைச்சல் கூடும். மூன்று நான்கு ஆண்டில் மண் சத்திழந்துவிடும். புது நிலம் வேண்டும். இரண்டு பசி அதற்கு: ஆள் பசி, நிலப் பசி. முதலாவது வேலைக்காரர்கள் மீதும், இரண்டாவது அம்மண்ணின் மக்கள் மீதும் விழுந்தது.

1616-ல் பங்குதாரர்களுக்கு லாபம் பிரித்துக் கொடுக்க வேண்டிய தவணை வந்தபோது கம்பெனியிடம் பணமில்லை. நிலத்தைக் கொடுத்தது. 1618-ல் இதை விரிவாக்கி ஒரு விதி செய்தார்கள். ஓர் ஆளின் கப்பல் கட்டணத்தைக் கொடுத்து யார் அழைத்து வருகிறாரோ, அவருக்குத் தலைக்கு 50 ஏக்கர். கவனியுங்கள், நிலம் வந்திறங்கிய ஆளுக்குப் போகவில்லை, அவருக்காகப் பணம் கட்டியவருக்குப் போயிற்று. பத்துப் பேரைக் கொண்டுவந்தால் 500 ஏக்கரும் அதில் உழைக்கப் பத்து உடம்பும் ஒரே செலவில் கிடைத்தன. புது மண்ணில் ஏன் சமத்துவம் முளைக்கவில்லை என்று கேட்டீர்கள். என் பார்வையில் வர்ஜீனியாவின் பண்ணையார் வர்க்கத்தை உண்டாக்கியது இங்கிலாந்தின் குலப்பெருமையைவிட இந்த ஒரு விதிதான். அப்படி நிலம் பெறுவதற்காகக் கொடுத்த பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. 1635-ல் ஜார்ஜ் மெனிஃபி என்ற வணிகர் கொடுத்த பட்டியலில் டோனி என்ற ஒருவர், கிழக்கிந்தியர் என்ற அடையாளத்தோடு வருகிறார். நம் பக்கத்துக் கடல் தாண்டி அவ்வளவு தூரம் போன ஒரு மனிதர், வேறொருவரின் 50 ஏக்கருக்கான கணக்காகப் பதிவாகியிருக்கிறார்.

வந்தவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலேய ஏழைகள். பதினேழாம் நூற்றாண்டில் வர்ஜீனியா, மேரிலாந்து பகுதிக்குப் போன ஆங்கிலேயரில் நான்கில் மூன்று பங்கினர் ஒப்பந்த வேலைக்காரர்கள். கப்பல் கட்டணத்துக்கு ஈடாக நான்கு முதல் ஏழு ஆண்டு உழைப்பு. இரு நூற்றாண்டுக்குப் பிறகு நம் மக்களைத் தென்னாப்பிரிக்காவுக்கும் மொரீஷியஸுக்கும் கொண்டுபோன ஒப்பந்தக் கூலி முறை இதே வேரில் வந்தது. இங்கிலாந்திலும் ஆண்டுக் கூலிக்கு வேலைக்காரர் உண்டு; ஆனால் அங்கே எஜமான் ஆளை விற்க முடியாது. வர்ஜீனியாவில் ஒப்பந்தத்தை, அதாவது ஆளை, இன்னொருவருக்கு விற்றார்கள். ஒப்பந்தக் காலத்தில் திருமணம் செய்துகொள்ள எஜமானின் அனுமதி வேண்டும். பெண் கருவுற்றால் கூடுதல் ஆண்டுகள் உழைக்க வேண்டும். லண்டன் தெருக்களில் திரிந்த சிறுவர்களையும் நகர நிர்வாகம் பிடித்து அனுப்பியது. 1623-ல் ரிச்சர்ட் ஃப்ரெத்தோர்ன் என்ற இளம் வேலைக்காரர் தாய் தந்தையருக்கு எழுதிய கடிதம் தப்பிப் பிழைத்திருக்கிறது. கஞ்சித் தண்ணீரும் பட்டாணியும்தான் சாப்பாடு, என்னை மீட்டுவிடுங்கள், இல்லையென்றால் கொஞ்சம் தின்பண்டமாவது அனுப்புங்கள் என்று மன்றாடுகிறார். அந்தக் காலத்தைப் பற்றி எத்தனையோ அறிக்கைகள் இருந்தாலும் நான் மாணவர்களுக்கு முதலில் படிக்கக் கொடுப்பது இந்தக் கடிதத்தைத்தான்.

சாவு அவ்வளவு மலிவு. 1607 முதல் 1624 வரை வர்ஜீனியாவுக்குப் போனவர்கள் ஆறாயிரம் பேருக்கு மேல். 1625 கணக்கெடுப்பில் இருந்தவர்கள் சுமார் 1,200. மண்ணின் மக்கள் 1622 மார்ச்சில் திருப்பித் தாக்கியதில் 347 குடியேறிகள் இறந்தார்கள். மீதிப் பேரைக் கொண்டுபோனது காய்ச்சலும் கழிச்சலும் பட்டினியும். பெண்கள் மிகக் குறைவு. 1621-ல் மணப்பெண்களாகக் கம்பெனி அனுப்பிய 57 பேரை மணக்க விரும்பியவர் ஆளுக்கு 150 பவுண்ட் நல்ல புகையிலை கட்ட வேண்டியிருந்தது. 1619 ஜூலையில் கூடிய சட்டசபையை அமெரிக்க மக்களாட்சியின் தொடக்கம் என்று கொண்டாடுகிறார்கள். அதில் உட்கார்ந்தவர்கள் பண்ணைக்காரர்கள். அந்த முதல் கூட்டமே புகையிலை விலையையும் வேலைக்காரர்களின் ஒழுக்கத்தையும் பற்றிச் சட்டம் செய்தது. கம்பெனி மட்டும் கடைசிவரை லாபம் பார்க்கவில்லை. 1624-ல் மன்னர் அதைக் கலைத்தார்.

வடக்கே வருவோம். 1620-ல் மேஃபிளவர் கப்பலில் போன 102 பேரில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் மதத்துக்காகப் போன குழுவினர். லண்டன் வணிகர்கள் போட்ட நிபந்தனை கடுமையானது: ஏழு ஆண்டு எல்லாரும் பொதுக் கணக்கில் உழைக்க வேண்டும், முடிவில் வீடும் நிலமும் உட்பட எல்லாவற்றையும் முதலீட்டாளர்களோடு பங்கிட வேண்டும். அவர்கள் வீடு கட்டிய இடம் பட்டுக்செட் என்ற ஊர். சில ஆண்டுகளுக்கு முன் கொள்ளைநோயில் மக்கள் அழிந்து காலியான ஊர். முதல் குளிர்காலத்தில் வந்தவர்களில் பாதிப் பேர் இறந்தார்கள். 1623-ல் அங்கும் குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலம் பிரித்துக் கொடுத்த பிறகுதான் களஞ்சியம் நிறைந்தது. 1627-ல் வணிகர்களிடமிருந்து 1,800 பவுண்டுக்குத் தம்மை மீட்டுக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். பீவர் தோல் வியாபாரத்தால் அந்தக் கடன் தீர 1640-கள் ஆயின.

1630-ல் ஜான் வின்த்ராப் தலைமையில் பாஸ்டன் பகுதிக்குப் போனவர்கள் இதைப் பார்த்துப் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டார்கள். தங்கள் கம்பெனியின் சாசனத்தையே கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். லண்டனில் கணக்குக் கேட்க ஒரு முதலாளி இல்லாமல் போனார். அந்தப் பத்தாண்டில் சுமார் 20,000 பேர் போனார்கள், பெரும்பாலும் கணவன், மனைவி, குழந்தைகள் என்று குடும்பமாக. கல்லும் குளிருமான அந்த மண்ணில் புகையிலையைப் பெருவாரியாக விளைவிக்க முடியாது. ஆகவே கூலிப் படை தேவைப்படவில்லை. வீட்டு ஆட்களே உழுதார்கள். நிலம் ஊர்ச் சபைகளின் வழியாகக் குடும்பங்களுக்குப் பிரிந்தது. வர்ஜீனியாவைவிட அங்கே நிலம் பரவலாகப் பிரிந்ததற்கு அவர்களுடைய பக்தியும் காரணம்தான். ஆனால் அந்தக் குளிரும் கல்லும் அதைவிடப் பெரிய காரணம் என்றே நினைக்கிறேன்.

அங்கேயும் சமத்துவம் யாருடைய நோக்கமும் அல்ல. சிலர் செல்வராகவும் சிலர் ஏழையாகவும் இருப்பது இறைவனின் ஏற்பாடு என்பதிலிருந்தே வின்த்ராப்பின் புகழ்பெற்ற பிரசங்கம் தொடங்குகிறது. நிலம் பிரித்தபோது அந்தஸ்துக்கும் குடும்ப அளவுக்கும் ஏற்பத்தான் பிரித்தார்கள். ஓட்டுரிமை 1631 முதல் திருச்சபை உறுப்பினரான ஆண்களுக்கு மட்டும். மாறுபட்டுப் பேசிய ரோஜர் வில்லியம்ஸும் ஆன் ஹட்சின்சனும் ஊரை விட்டுத் துரத்தப்பட்டார்கள். மதச் சுதந்திரம் என்று உங்கள் மகள் படித்தது, அவர்கள் தங்களுக்கு மட்டும் தேடிக்கொண்ட சுதந்திரம்.

லாப ஆசையோடு அவர்கள் நிஜமாகவே போராடினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ராபர்ட் கீன் என்ற பாஸ்டன் வணிகர் ஆணி, பித்தான் போன்ற சரக்குகளுக்கு அதிக விலை வைத்தார் என்று 1639-ல் 200 பவுண்ட் அபராதம் விதித்தார்கள். பிறகு 80 ஆகக் குறைத்தார்கள். சபையின் முன் அழுது மன்னிப்புக் கேட்ட அந்த மனிதர், பல ஆண்டுகளுக்குப் பின் எழுதிய நூற்றுக்கும் மேற்பட்ட பக்க உயிலில், தான் செய்தது நியாயமான வியாபாரமே என்று பக்கம் பக்கமாக வாதாடினார். அவருக்கு அபராதம் போட்ட ஊர், அடுத்த சில ஆண்டுகளிலேயே பார்பேடோஸ் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு மீனும் மரமும் அனுப்பிப் பிழைக்கத் தொடங்கியது. தரம் குறைந்த உப்பு மீன் அங்கே அடிமைகளின் உணவு. 1637-ல் பீக்வட் மக்களோடு நடந்த போரில் பிடிபட்டவர்களை அடிமைகளாக விற்றதும், 1641 சட்டத்தொகுப்பில் போர்க்கைதிகளையும் விலைக்கு வந்தவர்களையும் அடிமைகளாக வைக்க இடம் கொடுத்ததும் இதே பக்திமான்கள்தான்.

உங்கள் கடைசிக் கேள்வி அடிமை முறை பற்றி. வர்ஜீனியாவில் முதல் நாளிலிருந்து அது இல்லை. 1619 ஆகஸ்டில், போர்ச்சுகீசியக் கப்பலிலிருந்து கொள்ளையிடப்பட்ட இருபது சொச்சம் அங்கோலா மக்களை ஓர் ஆங்கிலேயக் கப்பல் கொண்டுவந்து உணவுப்பொருளுக்கு மாற்றியது. அவர்கள் நிலையைச் சொல்லும் தெளிவான சட்டம் அப்போது இல்லை. ஆந்தனி ஜான்சன் என்ற ஆப்பிரிக்கர் 1621-ல் அடிமையாக வந்து, பின்னர் விடுதலை பெற்று, 1651-ல் 250 ஏக்கர் நிலம் பெற்றார். கதவு பாதி திறந்திருந்த அந்தக் காலத்தில்தான் அது மூடவும் தொடங்கியது. 1640-ல் மூன்று வேலைக்காரர்கள் சேர்ந்து ஓடிப்போய்ப் பிடிபட்டார்கள். ஐரோப்பியர் இருவருக்கும் கூடுதலாக நான்கு ஆண்டு வேலை. ஆப்பிரிக்கரான ஜான் பஞ்சுக்கு ஆயுள் முழுக்க. எலிசபெத் கீ என்ற பெண், தன் தந்தை ஆங்கிலேயர் என்று வாதாடி 1656-ல் விடுதலை பெற்றார். 1662-ல் சட்டசபை அந்த வழியை அடைத்தது: குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது. ஆங்கிலேய வழக்கத்தில் பிள்ளை தந்தையைச் சேரும். அதைத் தலைகீழாக்கி, எஜமானுக்கு அடிமைப் பெண்ணிடம் பிறந்த பிள்ளையையும் எஜமானின் சொத்தாக்கினார்கள். 1667-ல் ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை அடிமையே என்று இன்னொரு சட்டம். ஜான்சன் இறந்த 1670-ல், அவர் கறுப்பர், எனவே அந்நியர் என்று சொல்லி அவர் விட்டுப்போன நிலத்தை எடுத்துக்கொள்ள நீதிமன்றம் வழி செய்தது.

இதற்குப் பின்னாலும் கணக்கு இருக்கிறது. சாவு மலிந்திருந்தவரை ஆயுள் அடிமைக்கு அதிக விலை கொடுப்பது நஷ்டம். ஐந்தாண்டு ஒப்பந்தக்காரரே லாபம். நூற்றாண்டின் நடுவில் மக்கள் நீண்ட நாள் வாழத் தொடங்கியதும் கணக்கு மாறியது. எட்மண்ட் மோர்கன் என்ற வரலாற்றாசிரியர் 1975-ல் இதை விரிவாக எழுதினார். எனக்கு அந்த விளக்கம் இன்றும் வலுவாகத் தெரிகிறது. உயிர் பிழைத்து ஒப்பந்தம் முடித்த ஆங்கிலேயர்களுக்கோ நல்ல நிலம் மிஞ்சவில்லை. துப்பாக்கி இருந்தது, நிலம் இல்லை, கோபம் இருந்தது. 1676-ல் நத்தேனியல் பேக்கன் என்ற பண்ணைக்காரர் அவர்களைத் திரட்டி, முதலில் மண்ணின் மக்களையும் பிறகு ஆளுநர் பெர்க்லியையும் எதிர்த்து எழுந்தார். ஜேம்ஸ்டவுன் எரிந்தது. கலகம் அடங்கியபோது ஆயுதத்தைக் கீழே போட மறுத்துக் கடைசிவரை நின்ற கூட்டத்தில் 80 கறுப்பர்களும் 20 ஆங்கிலேய வேலைக்காரர்களும் ஒன்றாக இருந்தார்கள்.

பண்ணைக்காரர்கள் மிகவும் பயந்தது அந்தக் கூட்டணிக்குத்தான் என்று நான் கருதுகிறேன். அடுத்த முப்பது ஆண்டில் ஆப்பிரிக்க அடிமைகளின் வரவு பெருகியது, ஒப்பந்த வேலைக்காரர் வரவு சுருங்கியது. 1705-ல் சட்டசபை எல்லா விதிகளையும் ஒரே சட்டமாகத் தொகுத்தது. ஒப்பந்தம் முடிக்கும் வெள்ளைக்கார ஆண் ஒவ்வொருவருக்கும் எஜமான் 10 புஷல் சோளமும் 30 ஷில்லிங்கும் ஒரு துப்பாக்கியும் கொடுத்தனுப்ப வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அதே சட்டம், அடிமைகள் தமக்கென்று வளர்த்துவந்த குதிரை, மாடு, பன்றி எல்லாவற்றையும் பறித்து விற்று, வரும் பணத்தை அந்தந்தச் சபை வட்டாரத்து ஏழைகளுக்குக் கொடுக்கச் சொல்கிறது.